பழைய சேணங்களைச் செப்பனிடும் முறை

குதிரையின் முதுகில் புண் உண்டாவதற்குப் பெரும்பாலும் காரணம் சேணத்தின் மேற்றோல் அன்று, அதன் அடிமெத்தையே. வியர்வையில் ஊறிய திணிப்பு கட்டிபட்டு, பாரம் முழுவதையும் ஓரிடத்தில் இறக்குகிறது. ஆகையால் செப்பனிடும் வேலையை உள்ளிருந்தே தொடங்கவேண்டும்.

முதலில், சேணத்தின் இரு முனைகளையும் பற்றி அழுத்திப் பார்க்க. உள்ளிருக்கும் மரச்சட்டம் முறிந்திருப்பின், அச்சேணத்தை உபயோகிக்கலாகாது.

சட்டம் உறுதியாயிருப்பின், மெத்தையைப் பிரித்துக் குதிரைமயிரை வெதுவெதுப்பான சவுக்கார நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, சிக்கெடுத்து மீண்டும் சமமாகத் திணிக்கலாம். சுருள் மயிர் அழுத்தம் நீங்கியதும் நிமிரும். அதனூடே காற்றும் புகும். வைக்கோலுக்கு இக்குணம் இல்லை. முதுகெலும்பின்மேல் பாரம் படாதவாறு, இரு மெத்தைகளுக்கும் நடுவே மூன்று நான்கு விரற்கடை இடைவெளி விடவேண்டும்.

சங்கரன்கோவில் வட்டாரத் தரிசுகளில் தானே வளரும் ஆவாரையின் பட்டை, தென்னிந்தியாவில் தோல் பதனிட நெடுங்காலம் உபயோகிக்கப்பட்டது. இத்தகைய தோலில் இரும்பாணி அடித்தால், ஈரம் பட்டதும் இரும்பும் பட்டையின் துவர்ப்புச் சத்தும் கூடி, அவ்விடம் கறுத்து நைந்துபோகும். செம்பாணியே தகும்.

வார்களைத் தேன்மெழுகு பூசிய நூலால், இரு ஊசிகளை ஒரே துளையில் எதிரெதிராகச் செலுத்தித் தைக்கவேண்டும். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை நிற்கும். பின்னர்ப் புங்க எண்ணெயைச் சிறிதளவே தடவுக. மிகுதியான எண்ணெய் தையல் நூலைக் கெடுக்கும்.

செப்பனிட்ட சேணத்துடன் சிறிது தூரம் ஓட்டியபின் குதிரையின் முதுகைப் பார்க்கவேண்டும். வியர்வைக்கிடையே உலர்ந்த திட்டு காணப்படின், அங்கு அழுத்தம் மிகுதி என அறிந்து மெத்தையைத் திருத்துக. புண் ஏற்கெனவே இருப்பின், அது ஆறும்வரை எச்சேணமும் இடலாகாது.