படி தாண்டாத நோய்

கண்டியிலிருந்து கம்பளை நோக்கிச் செல்லும் பஸ்ஸில் பேராதனையைக் கடந்து சிறிது தூரம் சென்றால் கெலிஓயா. இவ்வூர்க் கடைத்தெருவில் ஆண்மகன் ஒருவன் தள்ளாடி நடந்தால், "பாவம், போட்டுவிட்டான்" என்று சிரித்து விட்டுவிடுவோம். குடும்பப் பெண் ஒருத்தி போதைக்கு ஆட்பட்டாலோ வீட்டுக் கதவு சாத்தப்படுகிறது. தங்கைக்கு வரன் தட்டிப்போகுமே என்ற அச்சம்! வைத்தியரிடமும் "தலைச்சுற்று" என்றே சொல்லுகிறார்கள்.

பெண்களுக்கேது போதை என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கலாம். சாராயத்தையும் கசிப்பையும் மட்டுமே போதை என்றெண்ணுவது நமது பிழை. கொழுந்து கொய்யும் கைகள் அடிக்கடி வெற்றிலைப் பையைத் தேடுவதேன்? அதிலுள்ள புகையிலை இழுக்கிறது.

மற்றொன்று நித்திரைக் குளிகை. கணவனை இழந்த துயரிலோ, தீராத மனக்கவலையிலோ சில வாரங்களுக்கென்று வைத்தியர் கொடுத்தது, பழைய துண்டைக் காட்டி வாங்கி வாங்கியே ஆண்டுக்கணக்கில் நீண்டுவிடும். ஒன்று போதாமல் இரண்டாகும், இரண்டு மூன்றாகும். என்றோ ஒருநாள் வீட்டார் கண்டுபிடித்து, கோபத்தில் அத்தனையையும் பறித்து எறிகிறார்கள். இதைவிட ஆபத்தான வைத்தியம் வேறில்லை. நெடுநாள் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால் வலிப்புக் காணலாம். உயிருக்கே கேடு நேரலாம். வைத்தியரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே அளவைக் குறைத்தல் வேண்டும். நாள்தோறும் மிகுதியாக மது அருந்தி வந்தவருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

மதுவைப் பற்றியும் ஒரு சொல். பெண்ணுடலில் நீரின் பங்கு குறைவாதலால், ஆணுக்குச் சமமாக அருந்தினும் அவளது இரத்தத்தில் மது அதிகமாய்ச் சேரும். ஈரலும் விரைவிற் கெடும். பெண்களுக்கு மது விற்கக்கூடாதென்ற பழைய தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சு நீக்கியதும், சில நாட்களிலேயே ஜனாதிபதியின் உத்தரவால் தடை மீண்டதும் நினைவிருக்கும். விற்கலாமா, கூடாதா என்று நாடே வாதாடிற்று. முன்னரே அடிமைப்பட்டு, மீள விரும்பும் பெண் எங்கே போவாள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

குடிநோயிலிருந்து தாமே மீண்ட அமெரிக்கப் பெண்மணி மார்ட்டி மான், இது நோயே என்று நாட்டாருக்கு எடுத்துரைக்க 1944 இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், மூலையில் அமர்ந்துவிடாமல், 1980 இல் சென்னையில் சிகிச்சைக்கென ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தினார். நோயாளியோடு குடும்பத்தாருக்கும் அங்கே தனிப் பயிற்சி உண்டு. வீட்டார் மாறாமல் நோயாளி மட்டும் மாறுவதெங்ஙனம்?

கெலிஓயாவாசிகளுக்குப் பேராதனைப் போதனா வைத்தியசாலை தொலைவன்று. 1984 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை 1927 என்ற எண்ணிலும் அழைக்கலாம். மகளை அழைத்துச் செல்லும் தாயார், எஞ்சிய குளிகைகளையும் மருந்துத் துண்டையும் கையோடு எடுத்துச் செல்வாராக. நாளொன்றுக்கு எத்தனை, எவ்வளவு காலமாக என்பதை ஒளியாது சொல்லவேண்டும். அக்கணக்குத் தெரிந்தால்தான் எங்கிருந்து குறைக்கத் தொடங்குவது என்று வைத்தியர் முடிவு செய்ய இயலும்.