பட்டிப்பூவும் வெள்ளித் துகளும்

தாயில்பட்டி வட்டார விவசாயிகளுக்கு நித்திய கல்யாணியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பட்டிப்பூ, சுடுகாட்டு மல்லி என்றும் இதைச் சொல்வார்கள். இதன் இலைச்சாற்றில் வெள்ளித் துகள் தயாரித்துப் புற்று நோயை அழிக்கலாம் என்ற செய்தியில் உண்மை எவ்வளவு?

மருந்து தந்த செடி

1950-களில் கனடாவில் நோபிள், பீர் என்ற விஞ்ஞானிகள் சர்க்கரை நோய்க்கு மருந்து தேடி இச்செடியை ஆராய்ந்தனர். சர்க்கரை குறையவில்லை, இரத்த வெள்ளை அணுக்கள் குறைந்தன. இதன் பயனாக வின்பிளாஸ்டின் என்ற மருந்தும், பின்னர் வின்கிரிஸ்டினும் கிடைத்தன. குழந்தைகளின் இரத்தப் புற்று நோய்க்கு வின்கிரிஸ்டின் இன்றும் கொடுக்கப்படுகிறது.

நானோ துகள் என்பது என்ன?

ஒரு மில்லி மீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு 1 நானோ மீட்டர். 100 நானோ மீட்டருக்கு உட்பட்டதே நானோ துகள். பட்டாசுத் தொழில் அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அலுமினியக் கட்டி லேசில் எரியாது. பொடியாக்கினால் பற்றிக் கொள்ளும். பொடி நைசாக ஆக, மேற்பரப்பு பெருகி வேகம் கூடும். வெள்ளியும் நுண்ணியதானால் வீரியம் பெறுகிறது.

இலையைத் தண்ணீரில் கொதிக்க வைத்து வடிகட்டி, சில்வர் நைட்ரேட் கரைசலில் சேர்க்கின்றனர். இலையிலுள்ள பொருள்கள் வெள்ளி உப்பை வெள்ளித் துகளாக மாற்ற, கரைசல் பழுப்பு நிறமாகும். ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த புற்று அணுக்களை இத்துகள் கொல்கிறது. ஆனால் நல்ல அணுக்களையும் தாக்கக் கூடும். நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தாக இது இன்னும் வரவில்லை.

ஏமாற வேண்டாம்

இலையை அரைத்துக் குடிப்பது ஆபத்து. செடியில் நஞ்சு உண்டு. 1 கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க மிகப் பெரிய அளவில் உலர்ந்த இலை வேண்டும். வீட்டுக் கஷாயம் இதற்கு ஈடாகாது. புற்று நோய் கண்டவர்கள் மருத்துவமனைச் சிகிச்சையைக் கைவிடக் கூடாது.

"நானோ மருந்துக்கு இலை வாங்குகிறோம்" என்று முன்பணம் கேட்போரையும் நம்ப வேண்டாம். ஆய்வுக்கு ஒரு கைப்பிடி இலையே போதும்.

சாகுபடி

பழைய மருந்துகளுக்காக இலையும் வேரும் விலை போகின்றன. மழை நீர் தேங்காத செம்மண், மணற்பாங்கான மானாவாரி நிலம் ஏற்றது. எக்டேருக்கு 2.5 கிலோ புதிய விதையை மணலுடன் கலந்து, 45 செ.மீ. வரிசையில் விதைக்கலாம். 6, 9-ஆம் மாதங்களில் இலையும், 12-ஆம் மாதத்தில் வேரும் எடுக்கலாம். ஆடு மாடு கடிக்காது.

விலையையும் வாங்கும் அளவையும் எழுத்தில் பெற்ற பிறகே விதையுங்கள்.