பழைய ஜீப் வாங்கலாமா? தினசரி ஓட்டத்துக்குத் தாங்குமா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் விவசாயம் செய்யும் வீடுகளில் இன்று ஒரே வண்டிக்கு மூன்று வேலை. விடியற்காலை பையனை ஷிஃப்டுக்குக் கம்பெனி வாசலில் இறக்க வேண்டும். திரும்பும் வழியில் பால் கேனை சொசைட்டியில் வைக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் ஏரிக்கரை வழியாகக் கழனிக்குப் போய், புல்லுக்கட்டோ உர மூட்டையோ ஏற்றி வர வேண்டும். பைக்கால் முடியாது. டிராக்டரை எடுத்தால் டீசல் கட்டுப்படி ஆகாது. அதனால்தான், 'யாரோ விற்கிறார்களாம், பழைய ஜீப் ஒன்று வாங்கிப் போட்டால் என்ன?' என்ற பேச்சு வருகிறது.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லிருந்து கார் செய்கிறது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010-லும், டைம்லர் லாரித் தொழிற்சாலை 2012-லும் வந்தன. புதுக் கார்களைச் சுமந்த நீளமான டிரெய்லர்கள் நம் ஊர் வழியாகத்தான் போகின்றன. ஆனால், மழை பெய்த மறுநாள் மதில் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் கழனிப் பாதையில் அந்தக் கார்களில் பெரும்பாலானவை இறங்காது. அங்கே பழைய மஹிந்திராதான் ராஜா.

இரண்டாம் உலகப் போருக்குச் செய்த வில்லிஸ் ஜீப்பின் வழிவந்தவை இவை. 1980-களில் வந்த எம்.எம்.540-ல் பெஜோ நிறுவனத்தின் வடிவமைப்பிலான டீசல் இன்ஜின். கம்ப்யூட்டரும் கிடையாது, சென்சாரும் கிடையாது. டீசலும் காற்றும் சரியாகக் கிடைத்தால் ஓடும். பெட்ரோலில் மாருதி ஜிப்ஸி உண்டு. எடை குறைவு, சேற்றில் கெட்டிக்காரன். ஆனால், இப்போது பங்குகளில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஜிப்ஸி வாங்கினால் முதல் செலவாகப் பெட்ரோல் குழாய்களை மாற்றிவிடுங்கள்.

ஜீப் போல இருப்பதெல்லாம் ஃபோர் வீல் அல்ல. கமாண்டரிலும் பொலிரோவிலும் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிகள் ஏராளம். விற்பவர் சொல்வதை நம்பாமல் குனிந்து பாருங்கள். பின் அச்சில் இருப்பதுபோல முன் அச்சிலும் உருண்டையான கிரவுன் கூடு இருக்க வேண்டும். அதற்கு கியர்பாக்ஸ் பக்கமிருந்து ஒரு ஷாஃப்ட் வர வேண்டும். இரண்டும் இல்லையென்றால், சேற்றில் அதுவும் சாதாரண வண்டிதான்.

பார்க்கப் போவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். 'சூடு பண்ணி வைக்க வேண்டாம், நான் வந்து ஸ்டார்ட் செய்கிறேன்' என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் பொய் சொல்லாது. ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். புகை குபுகுபுவென்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அடுத்து சேசிஸ். சாணமும் சேறும் அப்பிக் கிடந்த வண்டிகளில் துரு உள்ளிருந்தே தின்றிருக்கும். புது பெயின்ட் பளபளத்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்தது மொத்தென்று கேட்கும்.

பேப்பர் விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டையும் நேரில் ஒப்பிட வேண்டும். வேறு இன்ஜின் வைத்து, உடம்பை வெட்டி ஒட்டி அழகு செய்த ஜீப்புகள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. நிறுவனம் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ராணுவப் பச்சை நிறமும் தனியார் வண்டிக்கு ஆகாது. 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் கார், ஜீப் வகைக்கு 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி 20 ஆண்டு தாண்டியிருந்தால் 10,000 ரூபாய். பசுமை வரி தனி. விலை பேசும்போதே இதையும் கணக்கில் சேருங்கள்.

ஓட்டும் செலவையும் பார்ப்போம். தினம் 40 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால் 4 லிட்டர். டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் நாளைக்கு 368, மாதம் 25 நாளுக்கு 9,200 ரூபாய். பையன் மட்டும் பைக்கில் போனால் இதில் நாலில் ஒரு பங்குகூட ஆகாது. ஆகவே, ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் வருகிற ஊர் என்றால், ஜீப்பை அந்த வேலைக்கு எடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. மழைக்காலத்துக்கும் கழனிக்கும் ஆஸ்பத்திரி அவசரத்துக்கும் வைத்துக்கொண்டால் கட்டுப்படியாகும்.

காசைவிட உயிர் பெரிது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலும் சிங்கபெருமாள்கோவில் சாலையிலும் டிரெய்லர்களுக்கு நடுவே ஓடப்போகும் வண்டி இது. பழைய ஜீப்பில் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, பெரும்பாலும் டிரம் பிரேக்தான். பின்னால் பக்கவாட்டில் போட்ட பெஞ்சில் பெல்ட்டும் கிடையாது. அங்கே பிள்ளைகளை உட்காரவைத்து நெடுஞ்சாலையில் போக வேண்டாம். வேகம் 50-ஐத் தாண்டாமல், இடது ஓரமாகவே ஓட்டுங்கள். பின்புறம் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு ஆகும் செலவு சொற்பம்.

நடவுக்கு ஆள் ஏற்றிப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பழைய வண்டிக்குப் பலரும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டுமே போடுகிறார்கள். சாலையில் போகும் வேறு ஒருவருக்கு அடிபட்டால் அது உதவும். உங்கள் ஜீப்புக்குள் இருப்பவர்களுக்கு அதில் பாதுகாப்பு இல்லை. கவிழ்ந்து நாலு பேருக்கு அடிபட்டால், இழப்பீடு உங்கள் நிலத்தின் மேல் வந்து நிற்கும். முழு பாலிசி தருகிறார்களா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். முழு பாலிசி இருந்தாலும், சொந்த உபயோக வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றினால் அது செல்லாமல் போகும்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. நம் செம்மண் புழுதிக்கு ஏர் ஃபில்டரை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். கிரீஸ் நிப்பிள்களை மறக்கக்கூடாது. ஃபோர் வீலைத் தார் ரோட்டில் போட்டு ஓட்டாதீர்கள். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றும், ஷாஃப்டும் கியரும் முறுக்கிக்கொள்ளும். சேறு, மணல், ஈர மண்ணில் மட்டும் போடுங்கள். பழைய சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது. ஆனால், பிரேக், ஸ்டீயரிங் பாகங்களை மட்டும் புதிதாகவே வாங்குங்கள்.

தண்ணீர் நிற்கும் இடத்தில் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் ஆழம் இருந்தால் இறங்க வேண்டாம். இன்ஜின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டினால் டிரம் காயும். மறுநாள் கிரவுன் ஆயிலைப் பாருங்கள். மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அன்றே வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றிவிடுங்கள்.