கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னை மீது குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. பட்டணத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர்களுக்கு ஓடினார்கள். அந்த முதல் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மனியின் கடைகளில் இரும்புச் சிலுவை என்ற போர் விருது, பேரரசர் கெய்சர் வில்ஹெல்ம் படம், கறுப்பு வெள்ளை சிவப்புக் கொடி போட்ட பீங்கான் கோப்பைகளும் தட்டுகளும் விற்றுக்கொண்டிருந்தன. இன்று அவற்றைத் தேடிச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் உண்டு.

அவற்றில் போலியை அடையாளம் காண, முதலில் பீங்கான் செய்யும் விதம் தெரிய வேண்டும். பீங்கானுக்கு மூலப்பொருள் மூன்று: வெண்களிமண், பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ். குவார்ட்ஸ் வேறொன்றுமில்லை, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மானாவாரிக் காட்டில் உழும்போது புரளுமே, அந்த வெங்கச்சங்கல்தான். இந்தக் கலவையில் வனைந்ததை ஏறத்தாழ 900 டிகிரியில் ஒருமுறை சுட்டு, மெருகுக் குழம்பில் முக்கி, 1400 டிகிரியில் மறுபடி சுடுவார்கள். ஐரோப்பாவில் இந்த வித்தை பிடிபட்டது 1708 வாக்கில். 1710இல் ஜெர்மனியின் மைசன் தொழிற்சாலை பிறந்தது.

மைசனின் குறுக்கு வாள்கள், பெர்லின் அரசுத் தொழிற்சாலையின் செங்கோல் போன்ற, பாத்திரத்தின் அடிப்பக்கத்து நீல முத்திரைகள் கோபால்ட்டால் மெருகுக்கு அடியில் இடப்படுபவை. சுரண்டினாலும் போகாது. போர்ப் படங்களோ பெரும்பாலும் மெருகுக்கு மேலே ஒட்டி, சுமார் 800 டிகிரியில் மீண்டும் சுடப்பட்டவை. விரலால் தடவினால் பல படங்களின் விளிம்பு தட்டுப்படும்.

படம் மெருகுக்கு மேலே இருப்பதுதான் ஏமாற்று வேலைக்கு இடம் கொடுக்கிறது. பழைய வெள்ளைத் தட்டு ஒன்று கிடைத்தால், அதன்மேல் புதுப் படம் ஒட்டிச் சுட்டுவிடலாம். முத்திரை அசலாகவே இருக்கும், படம் மட்டும் நேற்றையது. ஆகவே தட்டின் வயதையும் படத்தின் வயதையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கத்தி, முள்கரண்டி பட்ட கீறல்கள் படத்தையும் கீறியிருந்தால் நல்லது. கீறல் படத்துக்கு அடியில் புகுந்து போனால், படம் பிறகு வந்தது.

இன்னொரு பொறி, சிலுவையில் உள்ள '1914'. அது கோப்பை செய்த வருடம் அல்ல. 1813இல் தொடங்கிய அந்த விருதைப் போர் மூண்டதும் கெய்சர் புதுப்பித்த வருடம். 1917இல் செய்த கோப்பையிலும் 1914 என்றே இருக்கும். பெர்லின் தொழிற்சாலை 1914 முதல் 1918 வரை தன் ஓவிய முத்திரையிலேயே இரும்புச் சிலுவையைச் சேர்த்தது. காலத்தைக் கணிக்க அதுவே கூடுதல் உதவி.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் வெளிநாட்டுப் பீங்கான் ஏதாவது கண்ணில் பட்டாலும் இதே சோதனைதான். விலை பேசுவது அதற்கப்புறம்.