வெளிநாட்டுப் படிப்பு: விண்ணப்பத்துக்கு முன்னும் ஏமாந்த பின்னும்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒரு மாணவரைச் சேர்த்துக்கொள்வது ஒன்று. அங்கே வாங்கும் பட்டத்தை மலேசியா ஏற்றுக்கொள்வது வேறொன்று. முதலாவதை அந்தப் பல்கலைக்கழகம் முடிவு செய்கிறது. இரண்டாவதை இங்குள்ள தொழில் மன்றங்களும் மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.வும் முடிவு செய்கின்றன. கெடாவின் தோட்டப்புறங்களிலிருந்தும் சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய், பீடோங் போன்ற ஊர்களிலிருந்தும் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்களில் பல முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன. "இடம் கிடைத்துவிட்டது" என்ற செய்தி வந்ததும் பணம் கைமாறுகிறது. பட்டம் செல்லுமா என்ற விசாரணை, படிப்பு முடிந்து ஊர் திரும்பிய பிறகுதான் தொடங்குகிறது.

மருத்துவத்தில் இதன் விலை மிக அதிகம். கிரைமியா விவகாரத்தை மலேசிய இந்தியர்கள் மறந்திருக்க முடியாது. அன்று உக்ரைனின் பகுதியாக இருந்த கிரைமியாவின் சிம்ஃபெரோபோல் நகரில் இயங்கிய அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு அளித்திருந்த அங்கீகாரத்தை மீட்டுக்கொள்வதாக 2005இல் மலேசியத் தரப்பு அறிவித்தது. அங்கே படித்த மலேசியர்களில் இந்தியர்கள் பெருந்தொகையினர் என்பதால் சமூகம் கொந்தளித்தது, ம.இ.கா.வும் குரல் கொடுத்தது. அளவுக்கு மீறிய சேர்க்கையும், போதிய முன்தகுதி இல்லாதவர்களுக்கு இடம் தரப்பட்டதும் அப்போது காரணங்களாகப் பேசப்பட்டன. அங்கீகாரம் ஒருமுறை கிடைத்தால் என்றென்றைக்கும் நிற்கும் என்று நம்பக்கூடாது என்பதை அந்த நிகழ்வு காட்டியது. "அண்ணன் அங்கேதான் படித்தான், இப்போது அரசு மருத்துவமனையில் இருக்கிறான்" என்பது தம்பியின் சேர்க்கைக்கு உத்தரவாதம் ஆகாது. தம்பி சேரும் ஆண்டில் நிலை என்ன என்பதுதான் கணக்கு.

1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவப் பட்டங்கள் இடம்பெற்றுள்ளன. மலேசிய மருத்துவ மன்றத்தின் இணையதளத்தில் பட்டியலைப் பார்க்கலாம். நாட்டின் பெயரும் நகரின் பெயரும் பொருந்தினால் போதாது. பல்கலைக்கழகத்தின் முழுப்பெயரும் பட்டத்தின் பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஒரே நகரில் ஒலிப்பில் ஒத்த பெயருடைய இரண்டு நிறுவனங்கள் இருக்கக்கூடும். ஐயம் எழுந்தால் மன்றத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி எழுத்துவழிப் பதில் பெறலாம். அது எந்த ஏஜெண்டின் வாய்மொழி உறுதியையும்விட வலுவானது.

பட்டியலில் உள்ள பல்கலைக்கழகமாக இருந்தாலும் மாணவருக்குக் குறைந்தபட்ச முன்தகுதி இருக்க வேண்டும். எஸ்.டி.பி.எம். தேர்வில் உயிரியல், வேதியியல் ஆகியவற்றோடு இயற்பியல் அல்லது கணிதத்தில் 'பி' நிலை, அல்லது அதற்கு ஈடான மெட்ரிகுலேஷன், ஏ லெவல், அடித்தளக் கல்வித் (ஃபவுண்டேஷன்) தகுதி என்பது பொது அளவு. எஸ்.பி.எம். பாடங்களுக்கும் தனி நிபந்தனை உண்டு. "எஸ்.பி.எம். மட்டும் போதும், நேரே மருத்துவத்தில் சேரலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்வது நல்லது. தகுதி குறைந்தவரைப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் கழித்து மருத்துவ மன்றம் பதிவை மறுத்தால் ஹவுஸ்மன் பயிற்சிக்கே வழி இல்லை. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிக்க விரும்பும் வெளிநாட்டு மாணவர்களும் நீட் தேர்வில் தகுதி பெற வேண்டும். "நீட் இல்லாமல் தமிழ்நாட்டில் சீட்" என்ற விளம்பரம் அந்த ஒரு வரியிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சட்டம் படிப்பவர்கள் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்படி அமைந்த தகுதி வாரியத்தின் பட்டியலைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பட்டங்களுக்குப் பின்னும் பெரும்பாலும் சி.எல்.பி. எனும் சட்டத் தொழில் சான்றிதழ்த் தேர்வு எழுத வேண்டியிருக்கும். பொறியியலுக்கு, உறுப்பு நாடுகளின் பொறியியல் படிப்புகளைப் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்பாடு உதவுகிறது. மலேசியா 2009இலும் இந்தியா 2014இலும் அதில் முழு உறுப்பு நாடுகளாயின. ஆயினும் ஓர் உறுப்பு நாட்டின் எல்லாக் கல்லூரிகளும் அதில் அடங்குவதில்லை, அங்கீகாரம் பெற்ற குறிப்பிட்ட படிப்புகளே அடங்கும்.

அடுத்து ஏஜெண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, மாணவரைச் சேர்த்துவிடும் ஏஜெண்டுக்குத் தாமே கமிஷன் தருகின்றன. ஆகவே ஏஜெண்டு காட்டும் பல்கலைக்கழகம் மாணவருக்குச் சிறந்ததா, ஏஜெண்டுக்கு அதிகம் தருவதா என்று கேட்பதற்கு மாணவருக்கு முழு உரிமை உண்டு. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தன் ஏஜெண்டுகளின் பட்டியலைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அங்கே பெயர் இல்லாதவர் அந்த நிறுவனத்தின் சார்பில் பேசுவதாகச் சொல்ல முடியாது. நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம். தந்த பதிவு எண் இருப்பது கடை இருக்கிறது என்பதற்கே சான்று, நாணயத்துக்குச் சான்று அன்று.

விண்ணப்பத்தில் தரும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் மாணவருடையதாகவே இருக்க வேண்டும். சிறிய விஷயமாகத் தோன்றும் இந்த இடத்தில் மோசடி எளிதில் நுழைகிறது. ஏஜெண்டு தானே ஒரு முகவரி உருவாக்கி விண்ணப்பித்தால், பல்கலைக்கழகம் அனுப்பும் நிராகரிப்புக் கடிதம் குடும்பத்தின் கண்ணில் படவே படாது. அதற்குப் பதிலாகப் போலிச் சேர்க்கைக் கடிதம் வந்து சேரலாம். 2023இல் பஞ்சாபிலிருந்து கனடா சென்ற மாணவர்கள் பலர் நாடுகடத்தும் அறிவிப்பைச் சந்தித்தார்கள். ஏஜெண்டு கொடுத்த கடிதங்கள் போலி என்பது, அவர்கள் ஆண்டுக்கணக்கில் அங்கே வாழ்ந்து நிரந்தர வசிப்புரிமை கேட்டபோதுதான் வெளிப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரிலிருந்து கனடா ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் அந்தந்தக் கல்வி நிறுவனத்திடமே சரிபார்க்கிறது. குடும்பமும் அதையே செய்யலாம்: பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் உள்ள சேர்க்கைப் பிரிவின் முகவரிக்குக் கடிதத்தின் படியை அனுப்பிக் கேட்பதற்குச் செலவே இல்லை.

ஆவணங்களில் பொய் புகுந்தால் தண்டனை மாணவருக்கே. வங்கிக் கணக்கறிக்கையையோ ஐ.இ.எல்.டி.எஸ். சான்றிதழையோ ஏஜெண்டு "ஏற்பாடு செய்து" கொடுத்ததாகச் சொல்லித் தப்ப முடியாது. விசா விண்ணப்பத்தில் ஏமாற்றியதற்கு இங்கிலாந்து 10 ஆண்டுகள் வரையிலும், ஆஸ்திரேலியா போலி ஆவணத்துக்கு 3 ஆண்டுகள் வரையிலும் கதவைச் சாத்திவிடும்.

பணம் எப்படித் திரட்டப்படுகிறது என்பதிலும் ஆபத்து இருக்கிறது. தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்தவரின் ஊழியர் சேமநிதி, நகை அடகு, கூட்டுப் பணம், உறவினர் ஜாமீன் நிற்கும் கடன் எல்லாம் ஒன்றாகத் திரள்கின்றன. தேசிய உயர்கல்வி நிதிக் கழகமான பி.டி.பி.டி.என். தரும் கடன் உள்நாட்டுப் படிப்புக்கே உரியது. ம.இ.கா.வின் கல்விப் பிரிவான எம்.ஐ.இ.டி. கல்விக் கடன் வழங்குகிறது. சேமநிதியில் பிள்ளையின் உயர்கல்விக் கட்டணத்துக்காக எடுக்கும் வசதி உண்டு; 2024 மே மாதம் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பின் அது செஜாத்தெரா கணக்கிலிருந்து வருகிறது. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் பிணையம் உள்ள கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காட்டுக்கும், பிணையம் இல்லாத கடனுக்கு 18 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி வாங்கக்கூடாது என்பது சட்டம். உரிமம் இல்லாத வட்டிக்காரரான ஆலோங்கிடம் போனால் பிள்ளை முதல் தேர்வு எழுதுவதற்கு முன்பே வீட்டு வாசலில் சாயம் ஊற்றப்படலாம். திரட்டிய பணம் எதுவானாலும் கல்விக் கட்டணம் பல்கலைக்கழகத்தின் பெயரிலுள்ள கணக்குக்கே போக வேண்டும். தனிநபரின் கணக்குக்குப் போகக்கூடாது. ஏஜெண்டின் சேவைக் கட்டணத்துக்குத் தனி ரசீதும், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும் என்ற எழுத்துப் பூர்வ நிபந்தனையும் கேட்டு வாங்க வேண்டும். ஆஸ்திரேலிய மாணவர் விசா படிப்பு தொடங்குமுன் மறுக்கப்பட்டால், கல்வி நிறுவனம் 5 விழுக்காடு அல்லது 500 ஆஸ்திரேலிய டாலர், இவற்றில் குறைந்ததை மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். "கட்டியது திரும்பாது" என்று ஏஜெண்டு சொன்னால் அது அவருடைய சட்டம்.

மோசடி நடந்துவிட்டால் நேரம் முக்கியம். பணம் இணையம் வழியாக இப்போதுதான் போயிருந்தால், உடனே வங்கியையும், 997 என்ற எண்ணில் தேசிய மோசடிப் பதில் மையத்தையும் அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. பிறகு போலீஸ் புகார். ஏமாற்றிப் பணம் பறிப்பது தண்டனைச் சட்டம் 420ஆவது பிரிவின்கீழ் குற்றம். சிறை 10 ஆண்டுகள் வரை. வெட்கத்தால் புகார் செய்யாமல் இருப்பது அடுத்த தோட்டத்துக் குடும்பத்தையும் அதே ஏஜெண்டிடம் அனுப்புவதாகும்.

ஏஜெண்டு ஊரிலேயே கடை வைத்திருந்து, சொன்ன சேவையைச் செய்யாமல் பணத்தைத் தர மறுத்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் பொருத்தமான இடம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில் பதியலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை. பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். தீர்ப்பைப் 14 நாளில் நிறைவேற்றாதவர் குற்றவாளி ஆவார். படிவம் மலாயில் இருக்கும். தயங்குபவர்களுக்குப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் தமிழிலும் வழிகாட்டுகின்றன. ரசீது, வங்கி மாற்றுச் சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரத் துண்டு எல்லாம் சான்றாகும். கையில் பணம் கொடுத்துக் கையெழுத்து வாங்காதவரின் வழக்கு, அங்கே போனாலும் தடுமாறும்.

பட்டியலில் இல்லாத மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவருக்கு வழி முற்றிலும் அடைபடவில்லை. முன்தகுதி சரியாக இருந்தால், பட்டம் பெற்றபின் மருத்துவ மன்றத்தின் தகுதித் தேர்வை எழுதித் தற்காலிகப் பதிவுக்கு முயலலாம். அது கடினமான தேர்வு. ஆகவே இரண்டாம் ஆண்டிலேயே மன்றத்துக்கு எழுதித் தம் நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்பவருக்குத் தயாராவதற்கும், வேறு கல்லூரிக்கு மாறுவது பற்றி யோசிப்பதற்கும் காலம் மிஞ்சும்.