பல் பிடுங்கப் போகிறீர்களா?

பல்வலி என்றால் எங்கள் வீராம்பட்டினத்தில் கிராம்பைக் கடித்துக்கொண்டு நாலு நாள் ஓட்டிவிடுவோம். தாங்க முடியாமல் போனால்தான் டாக்டரிடம் போய் வாயைத் திறப்போம். வாயோடு கண்ணையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே!

வாணியம்பாடியில் நடந்ததைக் கேளுங்கள். 2023-ல் அங்கே ஒரு பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களில் 10 பேருக்கு மூளையில் கிருமி தாக்கியது தெரிய வந்தது. 8 பேர் பிழைக்கவில்லை. வேலூர் சி.எம்.சி. டாக்டர்களும் மற்ற ஆய்வாளர்களும் துருவிப் பார்த்ததில் அகப்பட்டது, புண்ணைக் கழுவும் சலைன் பாட்டில்! அறுவைக் கருவியாலேயே அதைத் திறந்து, அரைகுறையாக மூடி வைத்து, மிச்சத்தை அடுத்தவருக்கும் ஊற்றியிருக்கிறார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமி அதில் குடியேறிவிட்டது. வெறும் உப்புத் தண்ணீர்தானே என்ற அலட்சியம் எங்கே கொண்டு விட்டது பாருங்கள்!

நாற்காலியில் உட்காருமுன் இவற்றைக் கவனியுங்கள்:

1. “புது சலைன் பாட்டில்தானே, டாக்டர்?” என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

2. கருவிகள் ஆட்டோகிளேவில் சுத்தம் செய்தவையா, கையுறை புதிதா என்று பாருங்கள்.

3. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, மருந்து ஒவ்வாமை, கர்ப்பம் எதையும் மறைக்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

4. மரத்துப்போன உதட்டைக் குழந்தைகள் கடித்துப் புண்ணாக்கிக் கொள்வார்கள். மரப்பு தெளியும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

பிறகு காய்ச்சல், கடும் தலைவலி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், முகம் கோணுதல் என்று எது வந்தாலும் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி நாளைக் கடத்தாமல், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பல் பிடுங்கிய விஷயத்தை முதலில் சொல்லுங்கள்.