சென்சாரைக் கழனியில் எங்கே ஊன்றுவது?

மாகறல் பக்கம் செய்யாற்றுப் படுகையில் நெல் வைப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான்: மடைவாயில் தண்ணீர் நிற்கும்போதே மேட்டுப் பக்கம் வெடிப்பு விடும். நீர்மட்டத்தைக் கம்பியில்லாமல் அறிவிக்கும் சென்சாரை மடையோரம் ஊன்றினால், 'தண்ணீர் போதும்' என்றே அது சொல்லிக்கொண்டிருக்கும். பூக்கும் தருணத்தில் மேட்டுப் பயிர் காய்ந்து பதராகிவிடும்.

காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில், துளையிட்ட குழாயில் நீர் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் பாய்ச்ச வேண்டும். இந்தக் குழாயை வரப்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, மேடும் பள்ளமும் இல்லாத நடுத்தர இடத்தில் வைக்க வேண்டும். சென்சாருக்கும் இதுவே பொருந்தும்.

விலை காரணமாக இரண்டு மூன்று கருவிகள்தான் வாங்க முடியுமா? முதலாவதை அதிக நிலத்தின் நிலையைக் காட்டும் இடத்தில் வையுங்கள். அடுத்ததை, முதலாவது சொல்லாததை அதிகம் சொல்லும் இடத்தில் வையுங்கள். கருவி கூடக்கூட அதனால் வரும் கூடுதல் பயன் குறையும் கணக்குகளில், இந்த எளிய வழியே மிகச் சிறந்த அமைப்பின் பயனில் 63 சதவீதமாவது தரும் என்று 1978-ல் நெம்ஹவுசர், உல்சி, ஃபிஷர் ஆகியோர் நிரூபித்தனர். நடைமுறையில் பெரும்பாலும் அதற்கு மேலும் கிடைக்கும்.

இலையிலுள்ள நீர் வானொலி அலையை விழுங்கும். நடவின்போது நன்றாகப் பேசிய கருவி கதிர் வரும்போது ஊமையாகலாம். ஆகவே ஆன்டெனா, வளர்ந்த பயிருக்கு மேலே நிற்கும்படி கம்பில் கட்ட வேண்டும். பரம்படிக்கும்போதே மேடு பள்ளம் தெரிந்துவிடுமாதலால், அன்றைக்கே அடையாளக் குச்சி ஊன்றிக்கொள்ளலாம்.